பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க! பாட்டியின் இரும்புக் கல்லுக்கு வீட்டிலேயே ஒரு 'காரக் குளியல்'

நான்-ஸ்டிக் தவாவை ஓரங்கட்டிட்டு, இரும்புத் தோசைக்கல், வார்ப்பிரும்புப் பணியாரக்கல்னு எல்லாரும் திரும்பி வர்ற காலம் இது. ஆன்லைன்ல புதுக் கல் வாங்க ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பரண்ல ஒருமுறை கைவிட்டுப் பாருங்க. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினா வர்ற திருமானூர்லயும் சரி, சுற்றியிருக்கிற ஊர்கள்லயும் சரி... பழைய வீடுகள்ல கொல்லைப்புறத்துலயோ, விறகு அடுக்குற இடத்துலயோ ஒரு கனமான கல் கறுத்துப்போய்க் கிடக்கும். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" குரல் கேட்டதும் முதல்ல தூக்கிப் போடப்படுறது அதுதான்.

அந்தக் கல் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. அது மேல ரெண்டே ரெண்டு பிரச்னைதான் இருக்கும். ஒண்ணு, பல வருஷ எண்ணெய் எரிஞ்சு கட்டிதட்டிப்போன பிசுக்கு. இன்னொண்ணு, துரு. ரெண்டுக்கும் மருந்து வேற வேற. பிசுக்குக்குக் காரம், துருவுக்குப் புளிப்பு. இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. மீதிப் பாதி, பாதுகாப்பு. ஏன்னா, இந்தக் காரம் இரும்பை ஒண்ணும் செய்யாது... ஆனா மனுஷங்களை விடாது.

காரக் குளியல்னா என்ன?

ஒரு பிளாஸ்டிக் பக்கெட்ல தண்ணி, அதுல கரைச்ச காஸ்டிக் சோடா, அதுக்குள்ள முழுசா மூழ்கின இரும்புக் கல். சில நாள் அப்படியே விடணும். அவ்வளவுதான்.

காஸ்டிக் சோடாவோட வேதியியல் பேர் சோடியம் ஹைட்ராக்சைடு. உப்புக் கரைசல்ல மின்சாரம் செலுத்தித் தயாரிக்கிற பொருள். நம்ம மாநிலத்துல மேட்டூர், தூத்துக்குடி மாவட்டத்து சாகுபுரம் போன்ற இடங்கள்ல இதுக்குப் பெரிய ஆலைகள் இருக்கு. சோப்பு செய்றவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சரக்கு. எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்தா சோப்பாகும். கல் மேல கட்டியிருக்கிறதும் ஒருகாலத்து எண்ணெய்தானே? அந்தக் கெட்டிப் படலத்தைக் காரம் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு, தண்ணியில கரையுற சோப்பு மாதிரி ஆக்கிடுது. தேய்க்காம, சுரண்டாம, தானா உரிஞ்சு வரும்.

நம்ம ஊருக்கு இந்த வித்தை புதுசும் இல்லை. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் போட்டு வெள்ளாவி வெச்சு அழுக்கை எடுத்ததும், நம்ம பாட்டிமார் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் வெச்சுப் பாத்திரம் துலக்கினதும் இதே அறிவியல்தான். உவர்மண்ணிலயும் சாம்பல்லயும் இருக்கிறது மென்மையான காரம். காஸ்டிக் சோடா அதைவிடப் பல மடங்கு வீரியம்.

இரும்பு கரைஞ்சிடாதா?

கரையாது. இதை அரியலூர் மாவட்டத்துக்காரங்களுக்குச் சுலபமாச் சொல்லிடலாம். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் நிறைஞ்ச மாவட்டம் இது. கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறதில்லை? சிமென்ட் ஒரு காரம். காரச் சூழல்ல இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகிடும். காரக் குளியல்லயும் அதேதான் நடக்குது. அதனால கல்லை ஒரு வாரம் அதிகமா விட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா, முழுசா மூழ்கியிருக்கணும். பாதி வெளியே நீட்டிக்கிட்டிருந்தா, தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கிற பகுதியில துரு வந்துடும்.

எல்லாக் கறுப்பும் அழுக்கு இல்லை!

தினமும் தோசை சுடுற கல் கறுப்பா, மினுமினுன்னு இருந்தா அதைத் தொடாதீங்க. அது பழகின கல். அந்தக் கறுப்புதான் மாவு ஒட்டாம காப்பாத்துது. குளியல் போட்டா அதுவும் சேர்ந்து போயிடும், முதல்லேருந்து பழக்கணும்.

குளியல் யாருக்குத் தேவை? ஓரத்துல திட்டுத்திட்டா பொருக்குக் கட்டினது, பணியாரக் குழிக்குள்ள சுரண்டியே எடுக்க முடியாத கரி, தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுறது, சிக்கு வாடை அடிக்கிறது. இதுக்கெல்லாம் தேவை.

எதையெல்லாம் உள்ளே போடவே கூடாதுங்கறது இன்னும் முக்கியம்:

* அலுமினியம், இண்டாலியம்: காஸ்டிக் அலுமினியத்தைக் கரைச்சு ஹைட்ரஜன் வாயுவை வெளியேத்தும். அது சட்டுனு தீப்பிடிக்கிற வாயு. சட்டியும் ஓட்டையாகும். கலக்குற கரண்டி, மூடுற தட்டுகூட அலுமினியமா இருக்கக் கூடாது.
* நாகம் பூசின இரும்பு வாளி, ஜி.ஐ. கம்பி: நாகமும் ஈயப்பூச்சும் காரத்துல அரிக்கும்.
* பித்தளை, செம்பு, நான்-ஸ்டிக், எனாமல்: பாழாகும்.
* மரக் கைப்பிடி: கழற்ற முடிஞ்சா கழற்றிட்டுப் போடுங்க.

வார்ப்பிரும்பா, பட்டறையில தகட்டை வெட்டி அடிச்ச இரும்புக் கல்லான்னு சந்தேகமா? கவலை வேண்டாம், ரெண்டுமே இதைத் தாங்கும்.

இன்னொரு விஷயம். கைக்குக் கிடைச்ச பழைய சட்டியோட சரித்திரத்தைக் கேட்டுடுங்க. ஆத்தோரத்து ஊர்கள்ல வீச்சு வலைக்கு ஈயக்குண்டு கட்டுவாங்க. எப்பவாவது அந்தச் சட்டியில ஈயம் உருக்கியிருந்தா, அதை எந்தக் குளியலாலயும் நம்பகமாச் சுத்தம் பண்ண முடியாது. ஈயம் குழந்தைங்க மூளையைப் பாதிக்கிற விஷம். அந்தச் சட்டியில சமைக்கவே வேண்டாம். பழைய இரும்புக் கடையில வாங்கின, யாருதுன்னே தெரியாத சட்டியிலயும் இதே ஜாக்கிரதை வேணும்.

என்னென்ன வேணும்?

* மூடியோட கெட்டியான பிளாஸ்டிக் பக்கெட் அல்லது டப்பா. பெயின்ட் வர்ற 20 லிட்டர் டப்பா சரியா இருக்கும்
* சுத்தமான காஸ்டிக் சோடா செதில். 10 லிட்டர் தண்ணிக்கு 250 கிராம். அடைப்பு எடுக்கிற பவுடர் வேண்டாம். அதுல வேற பொருள்களும் கலந்திருக்கலாம்
* முழங்கை வரைக்கும் வர்ற கெட்டி ரப்பர் கையுறை
* கண்ணைச் சுத்தி முழுசா மூடுற பாதுகாப்புக் கண்ணாடி. பவர் கண்ணாடியோ கூலிங் கிளாஸோ பத்தாது
* முழுக்கைச் சட்டை, பேன்ட், மூடின ஷூ
* கல்லைக் கட்டி இறக்க, பூச்சு இல்லாத கறுப்புக் கட்டுக்கம்பி
* கிளற ஒரு பிளாஸ்டிக் அல்லது மரக் குச்சி
* பக்கத்துலயே ஓடுற தண்ணிக் குழாய் அல்லது நிறைஞ்ச அண்டா

இடம், திறந்தவெளி. கொல்லைப்புறம் நல்லது. ஆனா குழந்தைங்க, ஆடு, மாடு, கோழி, நாய் எதுவும் நெருங்க முடியாத மூலையா இருக்கணும். சித்திரை, வைகாசி வெயில் இந்த வேலைக்குத் தோது. கரைசல் வெதுவெதுப்பா இருந்தா வேலை சீக்கிரம் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில வெளியே வெச்சா பக்கெட் நிரம்பி வழிஞ்சு, காரத் தண்ணி முற்றம் முழுக்க ஓடும். அப்ப வேண்டாம்.

கரைக்கிற முறை: வரிசை மாறவே கூடாது

1. கையுறை, கண்ணாடி, ஷூ மாட்டிக்கோங்க. மாட்டின பிறகுதான் பாக்கெட்டைப் பிரிக்கணும்.

2. பக்கெட் இருக்க வேண்டிய இடத்துலயே வெச்சு, 10 லிட்டர் பச்சைத் தண்ணி ஊத்துங்க. வெந்நீர் கூடாது. நிறைஞ்ச பக்கெட்டை அப்புறம் நகர்த்தவும் கூடாது.

3. 250 கிராம் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில தூவிக் கிளறுங்க. எப்பவும் தண்ணியிலதான் காஸ்டிக்கைப் போடணும். காஸ்டிக் மேல தண்ணியை ஊத்தவே கூடாது. கரையும்போது இது சூடாகும். இந்த அளவுக்கு மொத்தத் தண்ணியும் 6, 7 டிகிரிதான் சூடேறும். ஆனா மொத்தமாக் கொட்டினா அடியில குவிஞ்ச இடம் மட்டும் கொதிச்சு முகத்துல தெறிக்கும். எழும்புற ஆவியை மூக்குல ஏத்தாம, காத்து முதுகுப் பக்கமிருந்து வர்ற மாதிரி நில்லுங்க.

4. முழுசாக் கரைஞ்சதும் கல்லைக் கட்டுக்கம்பியில கட்டி மெதுவா இறக்குங்க. 'தொப்'புன்னு போட்டா தெறிக்கும்.

5. மூடியைப் போட்டு மேல ஒரு செங்கல் வைங்க. மூடி குழந்தைங்களுக்காக மட்டும் இல்லை. திறந்து கிடந்தா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி கரைசலோட வீரியமும் குறைஞ்சிடும்.

6. பக்கெட் மேல பெருசா எழுதி ஒட்டுங்க: 'காஸ்டிக். தொடாதே.' படிக்கத் தெரியாதவங்க வீட்டுல இருந்தா வாயாலயும் சொல்லிடுங்க.

ரெண்டு நாளைக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்க. தண்ணி டீத்தூள் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். லேசான பிசுக்கு ரெண்டு மூணு நாள்ல போகும். தலைமுறைப் பொருக்குக்கு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். அவசரப்பட்டு காஸ்டிக்கை அள்ளிப் போடாதீங்க. நேரம்தான் இங்க மருந்து.

கையுறைக்குள்ள வழவழன்னு ஏதோ தோணுதா? கையுறை ஓட்டை. உங்க தோல்ல இருக்கிற கொழுப்பே சோப்பாகிட்டு இருக்குன்னு அர்த்தம். உடனே கழற்றிட்டு, ஓடுற தண்ணியில நல்லாக் கழுவுங்க.

வெளியே எடுத்ததும்...

கல்லைத் தூக்கி, கரைசல் பக்கெட்டுக்குள்ளேயே வடியவிட்டு, நிறைய தண்ணியில அலசுங்க. கையுறையைக் கழற்றாமலேயே பாத்திரம் துலக்குற சோப்பும் ஸ்டீல் நாரும் போட்டுத் தேய்ச்சா சாம்பல் நிற இரும்பு பளிச்சுன்னு தெரியும்.

இப்ப ஆரஞ்சு நிறத்துல துரு இருக்கான்னு பாருங்க. காரம் துருவை எடுக்காது. வினிகரும் தண்ணியும் சம அளவு கலந்து கல்லை ஊறவிட்டு, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்ங்க. புளிக் கரைசலும் உதவும், என்ன, கொஞ்சம் மெதுவா. ராத்திரி முழுக்க ஊறப்போட்டுத் தூங்கிடாதீங்க; துரு தீர்ந்ததும் புளிப்பு இரும்பையே அரிக்க ஆரம்பிச்சிடும். காரக் கல்லை நல்லா அலசின பிறகுதான் வினிகர். காரக் கரைசல் பக்கெட்டுக்குள்ள வினிகரை ஊத்துற வேலை வேண்டவே வேண்டாம்.

கழுவின கையோட பழக்கணும்

பூச்சு போன இரும்பு பச்சைக்குழந்தை மாதிரி. ஈரத்தோட பத்து நிமிஷம் விட்டாக்கூட செம்பழுப்புத் துரு படர்ந்துடும். துணியால துடைச்சு, உடனே அடுப்புல சின்னத் தீயில வெச்சுக் காயவிடுங்க.

சூடா இருக்கும்போதே கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சில சொட்டு விட்டு, உள்ளே, வெளியே, கைப்பிடி எல்லா இடத்துலயும் தடவுங்க. அப்புறம் 'ஐயோ, தெரியாம எண்ணெய் தடவிட்டோமே'ங்கற மாதிரி துணியால துடைச்சு எடுத்துடுங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மிச்சம் இருக்கிற படலம்தான் நமக்கு வேணும். எண்ணெய் தேங்கினா பிசுபிசுப்பாகி, திரும்பவும் பழைய கதைதான். லேசாப் புகை வர்ற வரைக்கும் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவுங்க. மூணு நாலு முறை செஞ்சா நிறம் கறுக்க ஆரம்பிக்கும். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு அவ்வளவா ஒத்துவராது. அதுல இருக்கிற கொழுப்பு இறுகிப் படலமாகாது.

முதல் ரெண்டு மூணு தடவை வெங்காயம் வதக்குங்க, முட்டை பொரியுங்க, எண்ணெய் தாராளமா விட்டு ஊத்தப்பம் சுடுங்க. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கெல்லாம் கல் நல்லாக் கறுத்த பிறகு. சூடான கல்லைப் பச்சைத் தண்ணியில காட்டாதீங்க, வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

மிச்சக் கரைசலை எங்க ஊத்துறது?

பெரும்பாலும் யாரும் யோசிக்காத கேள்வி இது. முதல் பதில், அவசரமா ஊத்தத் தேவையே இல்லை. மூடி வெச்சா அதே கரைசல்ல அத்தை வீட்டுப் பணியாரக்கல், சித்தி வீட்டு வாணலின்னு அடுத்தடுத்துப் போட்டு எடுக்கலாம்.

வீரியம் தீர்ந்து கொட்டணும்னா அப்படியே கொட்டாதீங்க. செடிக்கு ஆகாது. செப்டிக் டேங்கில மொத்தமாப் போனா, அங்க கழிவை மட்க வைக்கிற பாக்டீரியாக்கள் செத்துப்போகும். வாய்க்கால், குளம், ஆறு பக்கம் போகவே கூடாது. திருமானூர் வட்டாரத்துலதான் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் இருக்கு. 2024-ல ராம்சர் ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்த ஏரி. வாய்க்கால் தண்ணியை நம்பியிருக்கிற வயலும் ஏரியும் மீனும் பறவையும் உள்ள ஊர்ல, 'ஒரு பக்கெட்தானே'ன்னு நினைக்கக் கூடாது.

நடுநிலையாக்கிட்டுக் கொட்டுங்க. 250 கிராம் காஸ்டிக்குக்கு 5 சதவீத வினிகர் சுமார் ஏழரை லிட்டர் வேணும், கட்டுப்படியாகாது. அதுக்குப் பதிலா சிட்ரிக் ஆசிட் சுமார் 400 கிராம் போதும். அதைத் தனியா தண்ணியில கரைச்சு, நல்லா ஆறின கரைசல்ல கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்துக் கிளறுங்க. லேசா நுரைக்கலாம், சூடாகலாம். கையுறையும் கண்ணாடியும் அப்பவும் மாட்டியிருக்கணும். பி.ஹெச். தாள்ல முக்கிப் பாருங்க. 6-லிருந்து 9-க்குள்ள காட்டினா, நிறைய தண்ணியோட மெதுவா சாக்கடையில விடலாம்.

மேல பட்டுடுச்சா?

வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடினா வாய் வெந்துபோகும் இல்லையா? அதைவிடப் பல மடங்கு தீவிரமானது இது. கண்ணுல ஆசிட் பட்டா ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும். காரம் பட்டா பல நேரம் அதைவிட மோசம். திசுவையே கரைச்சுக்கிட்டு உள்ளே போய்க்கிட்டே இருக்கும்.

* கண்ணுல: இமையை விரிச்சுப் பிடிச்சு, ஓடுற தண்ணியில குறைஞ்சது 20 நிமிஷம் கழுவணும். முதல்ல தண்ணி, அப்புறம்தான் வண்டி. எரிச்சல் குறைஞ்சாலும் உடனே கண் மருத்துவர்கிட்ட போயே ஆகணும்.
* தோல்ல: நனைஞ்ச துணியைக் கழற்றிட்டு, நிறைய தண்ணியில கழுவுங்க. எலுமிச்சை, வினிகர், மஞ்சள், பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது.
* வாயில போனா: வாந்தி எடுக்க வைக்காதீங்க. போன வழியிலேயே திரும்பி வந்து மறுபடி பொசுக்கும். வாயைக் கொப்பளிக்க வெச்சு, உடனே 108.

மிச்சக் காஸ்டிக்கைத் தண்ணி பாட்டில்லயோ, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயோ ஊத்தி வைக்கிற பழக்கம் சுத்தமா வேண்டாம். செதில் பார்க்கக் கல்கண்டு மாதிரி இருக்கும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, பேர் எழுதி, பூட்டுற அலமாரியில வைங்க.

நம்ம வீட்டுக்கு இது சரிப்படுமா?

தவழ்ற குழந்தையோ, ஓடியாடுற வாண்டோ வீட்டுல இருந்தா, பூட்ட முடியற இடம் இல்லைன்னா, தயவுசெஞ்சு காஸ்டிக் வேண்டாம். அதுக்காகக் கல்லைத் தூக்கிப் போட வேண்டியதும் இல்லை. எவர்சில்வர் அண்டாவுல கல் மூழ்குற அளவு தண்ணி விட்டு, லிட்டருக்கு ரெண்டு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டுத் தேய்ங்க. விறகடுப்பு இருந்தா சலிச்ச சாம்பலைக் கரைச்ச தண்ணியும் ஆகும். ஒரே தடவையில போகாது, நாலஞ்சு தடவை செய்யணும். இதுக்கும் கையுறை போட்டுக்கோங்க. கொதிக்கிற அண்டாவை விட்டு நகராதீங்க.

வறட்டி, விறகு நெருப்புல போட்டுச் சுட்டு எடுக்கிறது பழைய வழக்கம்தான். பிசுக்கு போயிடும், சந்தேகமில்லை. ஆனா ஒரு பக்கம் மட்டும் பழுக்கக் காய்ஞ்சா வார்ப்பிரும்பு வளைஞ்சிடும், விரிசல் விடும். மேல்பரப்பு செதிலாகிட்டா அப்புறம் எண்ணெய் பிடிக்கிறதும் கஷ்டம். உடைஞ்சாலும் பரவாயில்லைங்கற கல்லுக்கு மட்டும் அதை வெச்சுக்கோங்க.

ஆக, பரண்லேருந்து கல்லை இறக்கினதும் முதல்ல விரலால தடவிப் பாருங்க. விரல்ல பிசுபிசுப்பு ஒட்டினா காரம், செம்பொடி ஒட்டினா புளிப்பு. எதுவுமே ஒட்டாம, கறுப்பா வழவழன்னு இருந்தா? குளியலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கழுவிட்டு, அடுப்புல ஏத்தி, மாவை ஊத்துங்க!